பெட்டி இருக்கட்டுமா, போகட்டுமா?

பட்டிப்பொலவில் ஒரு வீட்டுக்குக் கனடாவிலிருந்து பெரிய பெட்டியொன்று வந்து இறங்கியிருக்கிறது. உள்ளே ‘சிலோன்’ என்ற பலகை விளையாட்டு. பெட்டி வந்த வீட்டார், அக்கம்பக்கத்தார், செய்தி கேள்விப்பட்ட ஒஹியக்காரர், ஹட்டன்காரர் என்று எல்லாரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். ஆகவே இம்முறை அரசியல் கேள்விகளுக்கு லீவு. பாதிப்பேர் ‘பெயர் போடவேண்டாம்’ என்று கேட்டதால் மீதிப்பேரின் பெயரையும் எடுத்துவிட்டேன். சண்டை வந்தால் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

*

பெட்டிக்குச் சொந்தக்காரர், பட்டிப்பொல

கேள்வி: மச்சான் அனுப்பிய விளையாட்டு. தேயிலைத் தோட்டம் போட்டு, கொழுந்தெடுத்து, கம்பெனிக்கு விற்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதைத்தானே செய்தோம்? இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் பாட்டி கூடையோடு மலைக்குப் போனார். பெட்டிக்குள் நீங்கள் துரை. அங்கேதான் இருக்கிறது விளையாட்டு.

இதை 2018இல் ஸ்பெயின் நாட்டு லூடோநோவா நிறுவனம் வெளியிட்டது. வடிவமைத்தவர்கள் கிறிஸ் சின்ஸ்லி, சுசான் சின்ஸ்லி என்ற அமெரிக்கத் தம்பதி. கதை நமக்குத் தெரிந்ததே. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை போட்டார். 1869 தொடங்கி கோப்பிச் செடியை இலைத்துரு நோய் தின்றது. மலை முழுக்கத் தேயிலை ஏறியது. அந்தக் காலத்து முன்னோடித் தோட்டக்காரராக உங்களை உட்கார வைக்கிறார்கள். வெவ்வேறு மாவட்டங்களில், வெவ்வேறு உயரங்களில் தோட்டம் போடவேண்டும், ஏற்றுமதிக் கம்பெனிக்கு விற்கவேண்டும், மாவட்ட ஆலோசகரின் தயவையும் சம்பாதிக்கவேண்டும்.

அழகான இடம் ஒன்று உண்டு. நீங்கள் போடும் அட்டையில் இரண்டு வேலை இருக்கும். ஒன்றை நீங்கள் எடுத்தால் மற்றது எதிரே இருப்பவர்களுக்குப் போய்விடும். எனக்கு எது நல்லது என்று மட்டும் பார்த்தால் போதாது, அவனுக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்றும் பார்க்கவேண்டும். தோட்டக் கமிட்டியில் இருந்தவர்களுக்குப் பயிற்சியே தேவைப்படாது.

இன்னொன்று. இது கடினமான விளையாட்டுகளின் வரிசையில் நடுவில்தான் நிற்கிறது. பெட்டியின் அளவைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

*

ரயிலடிக் கடைக்காரர், பட்டிப்பொல

கேள்வி: உயரத்துக்கு உயரம் தேயிலைக்கு மதிப்பு வேறாமே. அப்படியென்றால் எங்கள் ஊருக்குத்தானே முதலிடம்?

பதில்: 4000 அடிக்கு மேல் விளைவதை உயர்நிலத் தேயிலை என்பார்கள். உங்கள் ஸ்டேஷனைத் தாண்டி ரயில்பாதை ஓரம் நிற்கும் உச்சிப் பலகை 6226 அடி என்கிறது. இலங்கை ரயில் அதற்கு மேல் ஏறாது. அந்த உயரத்தில் கொழுந்தைவிட லீக்ஸும் குளிரும்தான் நன்றாக வளர்கின்றன. உங்கள் கடையில் பிளேன்டீ நன்றாக ஓடும் என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

*

பக்கத்து வீட்டுக்காரர், பட்டிப்பொல

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு விதிப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார்கள். அவர் இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நாங்கள் தூங்கிவிட்டோம். பிள்ளைகள் காய்களை வைத்துக் கோபுரம் கட்டிவிட்டார்கள். விதியை எப்படித்தான் படிப்பது?

பதில்: கூட்டத்தில் படிக்கவே கூடாது. விதிப் புத்தகம் சந்தேகம் வந்தால் புரட்டுவதற்கு. பந்தலில் கதாகாலட்சேபம் செய்வதற்கல்ல.

ஒருவர் முதல் நாளே தனியாக வாசிக்கவேண்டும். வாசித்தால் மட்டும் பற்றாது. பலகையை விரித்து, இரண்டு ஆளுக்கும் தானே காய் நகர்த்தி இரண்டு மூன்று சுற்று ஓட்டிப் பார்க்கவேண்டும். அப்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது விளங்கும். பிறகு ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும்: எப்படி ஜெயிப்பது, என் முறை வந்தால் என்னென்ன செய்யலாம், ஆட்டம் எப்போது முடியும். இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்கும். அதை ஆளுக்கொரு பிரதி கொடுங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்லும்போதும் ஜெயிப்பதில் தொடங்குங்கள். எதற்காகத் தோட்டம் போடுகிறோம் என்று தெரியாதவனிடம் தோட்டம் போடும் விதியைச் சொன்னால் கொட்டாவிதான் வரும். விதிவிலக்குகளை அந்தந்த இடம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். சொல்ல மறந்த விதி நடுவில் தலைகாட்டினால் அதனால் அடிபட்டவர் தன் காயைத் திருப்பி எடுக்க விடுங்கள். முதல் ஆட்டத்தில் நீதிமன்றம் வேண்டாம்.

ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். அவருக்குக் கிடைத்த வகுப்பு அப்படி.

*

ஒரு மாணவி, தலவாக்கலை

கேள்வி: நம் ஆட்களுக்கு இவ்வளவு சிக்கலான விளையாட்டு சரிவருமா?

பதில்: ‘நம் ஆட்கள்’ என்றால் யார்? ரயிலில் மடியில் துவாயை விரித்து 304 தட்டுகிறவர்களா? அந்த ஆட்டத்தை ஒருமுறை வெளியாளுக்கு விளக்கிப் பாருங்கள். 32 அட்டை. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. இதோடு கேட்பு, கவிழ்த்து வைத்த துரும்பு, எதிரே உட்கார்ந்த கூட்டாளியின் கையை அவன் முகத்தைப் பார்க்காமலே ஊகிப்பது. ராசா ராணியை ஒன்பது அடித்துப்போடும் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஐரோப்பிய விதிப் புத்தகம் ஒரு பொருட்டா?

ஆடுபுலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. ஒரு தரப்புக்கு வெட்டுவது வேலை, மறு தரப்புக்கு அடைப்பது வேலை. இரண்டு பக்கமும் ஒரே பலகையில் வேறு வேறு ஆட்டம் ஆடுகின்றன. 2018இல் ‘ரூட்’ என்ற அமெரிக்க விளையாட்டு இதே முறையில் வந்து உலகமெங்கும் பேர் வாங்கியது. நாம் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடியதால் யாரும் விலை போடவில்லை, அவ்வளவுதான்.

304ஐ யாரும் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை. பெரியப்பா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் படித்தார்கள். கனடாப் பெட்டிக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. முதல் நாள் நாலு பேர் ஆடட்டும், நாலு பேர் பின்னால் நிற்கட்டும்.

*

கொழுந்தெடுத்தவரின் பேத்தி, ஹட்டன்

கேள்வி: துரையாக உட்கார்ந்து விளையாட எனக்கு மனசு வரவில்லை. இது மிகையா?

பதில்: மிகை இல்லை. உங்களுக்கு முன்பே இது பெரிய பேச்சாகிவிட்டது. 2002இல் ‘புவேர்ட்டோ ரிக்கோ’ என்ற ஜேர்மன் விளையாட்டு வந்தது. கரும்பு, கோப்பி, புகையிலைத் தோட்டம் போடும் ஆட்டம். வெகுகாலம் உலகின் தலைசிறந்த பலகை விளையாட்டுகளில் ஒன்றாகக் கொண்டாடப்பட்டது. தோட்டத்தில் வேலை செய்யக் கப்பலில் வந்து இறங்குபவை சின்னச்சின்ன பழுப்பு நிற வட்டுகள். விதிப் புத்தகம் அவர்களைக் ‘குடியேறிகள்’ என்றது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் யார் என்பது உலகத்துக்கே தெரியும். வருடக்கணக்கான முணுமுணுப்புக்குப் பிறகு 2022இல் புதிய பதிப்பு ஒன்று வந்தது. கதைக் காலத்தை அடிமை முறை ஒழிந்த பிறகான 1897க்கு நகர்த்தினார்கள்.

எனவே இரண்டு வழி. மனசு வராத விளையாட்டை வைத்திருக்க உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. ‘நல்ல விளையாட்டு, எனக்கு வேண்டாம்’ என்று தாராளமாகக் கொடுத்துவிடலாம். அது ரசனைக் குறைவாகாது.

ஆனால் நானாக இருந்தால் கொடுப்பதற்கு முன் வீட்டுப் பிள்ளைகளோடு ஒருமுறை ஆடுவேன். ‘இந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தது யார்? பெரட்டுக் களத்தில் விடியற்காலை நின்றது யார்? அரை நாள் மட்டும் எண்ணி அரைப்பேர் போட்டால் சம்பளம் எவ்வளவு?’ என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பேன். பதில் சொல்லப் பாட்டியை மேசைக்குக் கூப்பிடுவேன். அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்று எவருக்கும் நினைவிருக்காது.

*

கணக்கப்பிள்ளையாக இருந்தவர், நானுஓயா

கேள்வி: மொனொப்பொலி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? அதில் விதி எல்லாருக்கும் தெரியும்.

பதில்: தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். ஒருவர் வந்து நின்ற காணியை வாங்கமாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்? அடுத்தவருக்கு முறை போகும் என்பீர்கள். பெட்டிக்குள் இருக்கும் விதிப்படி அந்த இடத்திலேயே ஏலம் விடவேண்டும். ஏலம் விட்டால் காணிகள் சீக்கிரம் விற்றுத் தீரும், ஆட்டமும் சீக்கிரம் முடியும். இலவசத் தரிப்பிடத்தில் பணம் குவித்து வைப்பதும் வீட்டு விதிதான், புத்தகத்தில் இல்லை. மொனொப்பொலி நாலு மணி நேரம் இழுப்பதற்குப் பாதிக் காரணம் விதிப் புத்தகத்தை எவரும் வாசிக்காததே.

அதன் மூலத்தை 1904இல் பதிவு செய்தவர் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண். நிலம் ஒருசிலர் கையில் சேர்ந்தால் மற்றவர் எப்படி நொடிந்துபோவார் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி விற்கத் தொடங்கியபோது அந்தப் பாடம் காணாமல் போய், நொடிக்க வைப்பதே கொண்டாட்டமாகிவிட்டது. லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லாதவன் மேஃபெயாரில் ஹோட்டல் கட்டிச் சந்தோஷப்படுவதைக் கண்டிருந்தால் மேகி அம்மையார் இன்னொரு விளையாட்டைச் செய்திருப்பார்.

*

மறுபடியும் பெட்டிக்குச் சொந்தக்காரர், பட்டிப்பொல

கேள்வி: ஒரு தடவை ஆடினோம். பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. பிடித்ததா பிடிக்கவில்லையா என்றே தெரியவில்லை. வைத்திருப்பதா கொடுத்துவிடுவதா, எப்படி முடிவு செய்வது?

பதில்: இன்னும் முடிவு செய்யாதீர்கள். கடினமான விளையாட்டில் முதல் ஆட்டம் கணக்கில் வராது. அன்று எல்லாரும் விதியோடுதான் மல்லுக்கட்டினீர்கள். எதிராளியோடு ஆடவே இல்லை. இரண்டாவது ஆட்டத்தை அதே ஆட்களோடு, அதே வாரத்தில் வையுங்கள். ஒரு மாதம் விட்டால் மறுபடியும் பாலர் வகுப்பிலிருந்து தொடங்கவேண்டி வரும். மூன்றாவதில்தான் ஒருவர் போன ஆட்டத்தை நினைத்து வேறு வழி போட்டுப் பார்ப்பார். தீர்ப்பு அதற்குப் பிறகு.

தீர்ப்புச் சொல்லும்போது பெட்டியைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். ஆட்டம் முடிந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போது, ‘நீ மட்டும் அந்த மலையைப் பிடிக்காமல் இருந்திருந்தால்...’ என்று பேச்சு ஓடுகிறதா? பிள்ளைகள் கேட்காமலே காய்களை அடுக்கி வைக்கிறார்களா? அடுத்த ஞாயிறு யாராவது தானாகக் கேட்கிறாரா? கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் முறையின்போது எல்லாரும் போனைக் குடைந்துகொண்டிருந்தால், ஜெயித்தவர் முகத்தில்கூட களை இல்லாவிட்டால், உலகமே புகழ்ந்த விளையாட்டாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம்.

இன்னொரு சோதனை. விதி நிறைய இருப்பது வேறு, யோசிக்க நிறைய இருப்பது வேறு. சதுரங்கத்தின் விதியை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். யோசித்து முடிக்க ஆயுள் போதாது. சென்னைப் பையன் குகேஷ் 2024இல் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார், இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். மூன்றாவது ஆட்டத்திலும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தால் அது கொடுத்துவிட வேண்டிய பெட்டி. புத்தகம் மூடிக்கிடந்து, மண்டை மட்டும் சூடானால் அதை விடாதீர்கள்.

*

கணவர், அம்பேவெல

கேள்வி: எந்த விளையாட்டு வாங்கினாலும் மனைவியே ஜெயிக்கிறார். விற்றுவிடலாமா?

பதில்: விற்றால் ஆட்டம் போய்விடும், அவர் ஜெயித்த கதை வீட்டிலேயே தங்கும். வைத்துக்கொண்டால் என்றாவது ஒருநாள் கதை மாறலாம். மாறாது என்று மனதில் படுகிறதா? அப்படியானால் அவரும் நீங்களும் ஒரே கட்சியாக ஆடும் கூட்டு விளையாட்டுகள் இருக்கின்றன. அதிலும் அவர் சொன்னபடிதான் நடக்கும், ஆனால் வெற்றியில் பாதி உங்களுக்கு.

*

பெயர் எழுதாதவர், பண்டாரவளை

கேள்வி: உலகத்திலேயே கடினமான பலகை விளையாட்டு எது?

பதில்: 1979இல் ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்த ‘வட ஆபிரிக்கப் போர்’ விளையாட்டைச் சொல்வார்கள். பத்துப் பேர் வேண்டும். முழுக்க ஆடி முடிக்கச் சுமார் 1500 மணி நேரம் என்பது கணக்கு. ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஏறக்குறைய பத்து வருடம். அதில் இத்தாலியப் படைக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தண்ணீர் ஒதுக்கவேண்டும், மக்கரோனி அவிப்பதற்காக! நம் ஆட்களை வைத்து விளையாட்டுச் செய்தால் பிளேன்டீத் தண்ணீருக்குத் தனி அட்டை போடவேண்டியிருக்கும்.

*

பெட்டிகள் சேர்ப்பவர், நுவரெலியா

கேள்வி: அடுத்ததாகக் ‘குளூம்ஹேவன்’ வாங்க ஆசை. பெட்டி 10 கிலோவாமே?

பதில்: கிட்டத்தட்ட அவ்வளவுதான். பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள், ஆகவே நிறுவையில் வைத்தால் அரைப்பேருக்குக் குறையாது. 2017இல் வந்தது, 95 கட்டங்கள். ஆட ஆடப் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போகவேண்டும். ஒட்டிய பிறகு புதுப்பெட்டி விலைக்கு விற்க முடியாது. ஆகவே வாங்கிவிட்டு யோசிக்காதீர்கள். ஒரே குழுவாக மாதக்கணக்கில் வரக்கூடிய ஆட்கள் இருக்கிறார்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மலைநாட்டில் நாலு பேருக்கு ஒரே நாளில் ஓய்வு கிடைப்பது 95 கட்டங்களையும்விடச் சிக்கல்.

*

மருமகன், ஒஹிய

கேள்வி: மாமா ஒரு காய் நகர்த்த இருபது நிமிடம் எடுக்கிறார். சொன்னால் கோபிப்பார். என்ன வழி?

பதில்: அவரிடம் சொல்லாதீர்கள். எல்லாருக்கும் பொதுவாக மணல் கடிகாரம் ஒன்றை வையுங்கள், முதலில் நீங்களே அதற்குப் பலியாகுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாமாவுக்குக் காசுப் பொறுப்பைக் கொடுத்து வங்கியாளராக்குங்கள். இருபது நிமிடமும் எண்ணிக்கொண்டிருப்பார்.

*

குடும்பத் தலைவி, பட்டிப்பொல

கேள்வி: எங்கள் ஊர் மூட்டத்தில் உப்பே கரைந்துவிடுகிறது. அட்டைப் பெட்டி என்ன ஆகும்?

பதில்: ஊறும், வளையும், பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நிலத்திலும் வைக்காதீர்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் போடுங்கள். அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டால் கைவியர்வையும் தேத்தண்ணியும் ஏறாது. பலகை வளைந்துவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போடாதீர்கள், இன்னும் வளையும். வெயில் வந்த நாளில் நிழலில் ஆறவிட்டு, தட்டையான பாரத்துக்கு அடியில் வையுங்கள். நல்ல வழி இன்னொன்றும் உண்டு. அடிக்கடி எடுத்து விளையாடுங்கள். அடிக்கடி திறந்து பார்க்கும் பெட்டியில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது.

*

இளைஞர், பதுளை

கேள்வி: கெரம் போதாதா?

பதில்: போதும் என்றால் போதும். 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் நம் நிஷாந்த பெர்னாண்டோதான் சாம்பியன். விதி சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம், கை படிய ஐந்து வருடம். மழை நாளில் நாலு பேரை உடனே உட்காரவைக்கும் பலகை வேறு இல்லை. புதிய பெட்டி வந்ததற்காகக் கெரம் போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் வீட்டாருக்கு என் கண்டனம்.

*

மூன்றாம் முறையாகப் பெட்டிக்குச் சொந்தக்காரர், பட்டிப்பொல

கேள்வி: மூன்று ஆட்டமும் ஆகிவிட்டது. எனக்கும் மகளுக்கும் பிடித்திருக்கிறது. மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. கொடுத்துவிட்டால் மச்சான் மனம் நோவாரோ என்றும் பயம். விலையும் அதிகமாம். கடைசியாகச் சொல்லுங்கள், வைக்கவா கொடுக்கவா?

பதில்: விலையை மறந்துவிடுங்கள். கொடுத்த காசு மச்சானுடையது, அலுமாரியில் பிடிக்கிற இடம் உங்களுடையது. மச்சானுக்கு நீங்கள் விளையாடும் படம் ஒன்றை அனுப்பினால் அவர் அனுப்பிய காரியம் முடிந்தது. அன்பளிப்பை ஆயுள் முழுக்கக் காவல் காக்கவேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கமாட்டார்.

நீங்களும் மகளும் ஆடுகிறீர்கள் அல்லவா? சிலோனை இருவர் மட்டுமாகவும் ஆடலாம். ஆகவே வைத்துக்கொள்ளுங்கள், இதுவே என் தீர்ப்பு. மற்றவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்கு 304 இருக்கிறது, கெரம் இருக்கிறது. மகள் உயர்தரம் எழுதிவிட்டு வெளியூர் போகும் நாள் வரும். அதற்குப் பிறகு ஒரு வருடம் யாரும் பெட்டியைத் தொடவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள்.

கடைசி வரி எல்லா வாசகர்களுக்கும். வெளிநாட்டு உறவினர் அனுப்பி, பிரிக்காமலே அலுமாரிக்கு மேல் கிடக்கும் பெட்டிகள் மலையகத்து வீடுகளில் நிறைய உண்டு. பக்கத்துத் தோட்டப் பாடசாலை நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும் முன் காய்களை எண்ணிச் சரிபாருங்கள், தமிழில் எழுதிய ஒரு பக்க விதித்தாளையும் உள்ளே வையுங்கள். அந்தத் தாள் இல்லாத பெட்டியை அங்கேயும் யாரும் திறக்கமாட்டார்கள்.